பள்ளித் தோட்டத்து முட்டைக்கோஸ் குறித்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர், அனைவருக்கும் பாராட்டுகள். பொங்கல் விடுமுறைக்குப் பின் வகுப்புகள் வழக்கம்போல் நடைபெறும்.

பள்ளித் தோட்டத்தைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. செட்டிநாட்டுச் செம்மண்ணில் முட்டைக்கோஸ் திரளுமா என்று பலரும் ஐயுற்ற நிலையில், மார்கழிக் குளிரை நம்பி ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஐப்பசிக் கடைசியில் நட்ட நாற்றுகள் இப்போது உருண்டு வருகின்றன. இப்பயிருக்குப் பெரும்பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். விரல் பட்டால் துள்ளி விழுந்து நூலிழையில் தொங்கும். அந்தப் பூச்சி கடுகுச் செடியை மிகவும் விரும்பி முட்டையிடும் என்பதால், நடவுக்கு 15 நாள் முன்பும் நட்ட 25 நாள் கழித்தும் பாத்தியோரங்களில் கடுகு விதைத்திருந்தோம். முட்டைக்கோஸுக்கு வரும் புழுவைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்கென்றே வளர்க்கப்படும் செடி அது. ஆகவே அதன் இலைகள் ஓட்டையாகத்தான் இருக்கும்.

சென்ற வாரம், பிள்ளையை அழைத்துப்போக வந்த பெற்றோர் ஒருவர் அந்த ஓட்டை இலைகளைக் கண்டு மனம் பொறாமல், தம் வயலுக்கு வாங்கிய மருந்தைக் கொண்டுவந்து தோட்டத்தின் மூன்று வரிசைகளில் தெளித்துவிட்டார். அவருடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும், மருந்து தேங்கிய இலை மடிப்புகளைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்ப எனக்குத் துணிவில்லை. அந்த மூன்று வரிசைச் செடிகளைப் பிடுங்கிப் புதைத்தோம். தான் நீரூற்றிய செடியைத் தானே குழியில் இட்ட ஒரு சிறுமி, அன்று மாலை வரை பேசவேயில்லை. புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளும் அம்மருந்தில் மடிந்திருக்கும். இந்தப் புழுவோ பல மருந்துகளுக்குப் பழகித் தப்பிப் பிழைப்பது.

எனவே, தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எந்த மருந்தையும் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவரவோ தெளிக்கவோ கூடாது. பிள்ளைகள் கைவைத்து உண்ணும் பயிர் என்பதால் இதில் யாருக்கும் விலக்கு அளிக்க இயலாது. பாத்திகளின்மேல் கட்டிய நைலான் வலையையும் தயவுசெய்து தூக்கிப் பார்க்க வேண்டாம். வலை விலகிய இடைவெளியில் அந்துப்பூச்சி எளிதில் நுழைந்துவிடும்.

உதவ விரும்புவோர், ஆனி ஆடியில் பொறுக்கி உலர்த்திய வேப்பங்கொட்டை வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாணவர்களே தெளிக்கிறார்கள். வெயில் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், மாலை 4 மணிக்குமேல்தான் அந்த வேலை.

விடுமுறை நாள்களிலும் முறைவைத்து நீர் பாய்ச்சிய பெற்றோர்களுக்கும், அசுவினி என்னும் சாறுறிஞ்சும் பூச்சிக்கென்று விறகடுப்புச் சாம்பலைச் சலித்துக் கொடுத்தனுப்பிய ஆச்சிமார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மீதமுள்ள இரண்டு வரிசைகளும் நன்றாகவே இருக்கின்றன. தை மாதக் கடைசியில் அறுவடை செய்யும்போது அனைவரும் அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்