செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதம் ஒரு கூட்டம் என்று தீர்மானித்தோம், ஒன்பதுதான் நடந்தது. இரண்டை மாரி மழை கொண்டுபோனது, ஒன்றுக்குத் தலைவரும் நானும் மட்டும் வந்து பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நடந்த ஒன்பதில் ஆறு கூட்டங்களை ஒரே ஒரு கல் விழுங்கிவிட்டது. எங்கள் ஊர் வாவியையும் கண்டல் காட்டையும் விட்டுவிட்டு ஓமான் மலையில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத்தான் இந்த அறிக்கையில் பெரும்பகுதி.

மஸ்கட்டில் பல வருடம் வான் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய எங்கள் உறுப்பினர் அண்ணன், ஹஜர் மலையடிவாரத்தில் பொறுக்கிய கல் ஒன்றைக் கொண்டுவந்தார். கரும்பச்சை, தொட்டால் சவர்க்காரம் போல வழுவழுப்பு, நடுவே விரல் தடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. நூலில் காந்தம் கட்டிப் பக்கத்தில் பிடித்தால் காந்தம் கல்லை நோக்கிச் சாய்ந்தது. அந்த மலைத்தொடரில் ஒரு பெரிய பகுதி சுமார் 9.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடல் தரை. மேலோட்டோடு அதற்குக் கீழே இருந்த மென்மூடிப் பாறையும் சேர்ந்து தரைக்கு ஏறி நிற்கிறது. இப்படி நிற்பதற்குத்தான் ஒபியோலைட் என்று பெயர்.

மென்மூடிப் பாறையில் நிறைய இருப்பது ஒலிவின் என்ற கனிமம். ஆழத்துச் சூட்டுக்குப் பழகியது, தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்காது. தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு செர்பென்டைன் என்ற வேறு கனிமமாக மாறுகிறது, நூறு கிராமில் ஏறக்குறைய 13 கிராம் தண்ணீர் என்றால் பாருங்கள். ஒலிவினில் உள்ள இரும்பு தண்ணீரிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கி மக்னடைட் என்ற காந்தக் கனிமம் ஆகிறது (காந்தம் சாய்ந்தது இதனால்தான்), மிஞ்சிய ஐதரசன் வாயுவாக வெளியேறுகிறது. மாறும்போது பாறை ஊதுகிறது. ஊதினால் வெடிக்கும், வெடிப்பு வழியே இன்னும் தண்ணீர் இறங்கும் என்பது ஒரு விளக்கம்.

வெள்ளைக் கோட்டில்தான் சண்டை வந்தது. காபனேற்று (காபனீரொட்சைட்டைக் கட்டிவைத்த உப்பு) என்றால் அமிலத்தில் நுரைக்கும் என்று வினாகிரி விட்டோம், ஒன்றும் நுரைக்கவில்லை. காபனேற்று இல்லை என்று நானே அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் இரசாயனவியல் சேர் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு, சோதனைக் குழாயை மெதுவாகச் சூடாக்கினார். அப்போது பொங்கியது பாருங்கள்! கல்சியம் காபனேற்றான கல்சைற்றுக்குக் குளிர்ந்த வினாகிரியே போதும், மக்னீசியம் காபனேற்றான மக்னசைற்றுக்குத் தூளும் சூடும் வேண்டும். காபனீரொட்சைட்டைத் தூக்கிக்கொண்டு போன தண்ணீர் பாறையின் மக்னீசியத்தோடு சேர்ந்து விட்டுப்போன கோடு அது. ஓமானில் ஒரு துளையிடல் திட்டம் 2017இல் எடுத்த பாறைத் துண்டங்களில் இந்த மாற்றத்தின் உச்சம்: மக்னீசியம் முழுக்கக் காபனேற்றாகி, மிச்சம் குவார்ட்ஸ். லிஸ்ட்வெனைட் என்கிறார்கள்.

இன்றும் அங்கே மழைநீர் இறங்கி, மக்னீசியத்தையும் காபனையும் வழியில் வைத்துவிட்டு, கல்சியத்தோடு கடும் காரமாகி, pH 11க்கு மேல் ஏறி ஊற்றாக வருகிறது. வெளியே வந்ததும் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சி வெள்ளைப் படலம் விரிக்கிறது. வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்புத் தண்ணீரின் மேல் ஆடை படியுமே, அதே கல்சைற்றுதான். அம்மம்மா விரலால் ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு எடுப்பார், அதை நான் இவ்வளவு வருடம் அழுக்கென்றே நினைத்திருந்தேன். ஓமானின் இந்தப் பாறை வருடத்துக்குப் பத்தாயிரம் முதல் ஒரு இலட்சம் தொன் வரை காபனீரொட்சைட்டைக் கட்டிவைக்கிறது என்று 2008இல் ஒரு கணிப்பு வந்தது.

ஆகஸ்டில் மகா ஓயா வெந்நீர் ஊற்றுக்கு வான் பிடித்துப் போனோம். அதுவும் ஓமான் ஊற்றும் ஒன்றா என்று பலர் கேட்டார்கள். இல்லை, அங்கே தண்ணீர் ஆழத்தில் சூடாகித் திரும்புகிறது, பாறை வேறு. செர்பென்டைன் பார்க்க வேண்டுமென்றால் அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸன்கொடதான், ஆனால் அதை ஒபியோலைட் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள். வருகிற வருடம் அங்கே போகலாம் என்று தலைவர் சொல்கிறார், சந்தா கட்டாதவர்கள் அதற்குள் கட்டினால் நல்லது.

கல் இப்போது என் மேசையில். வெள்ளைக் கோட்டில் இன்னும் சுரண்ட யாருக்கும் அனுமதியில்லை என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.