தண்ணீர் குடிக்காமல் பேருந்து ஏறும் பெண்களுக்காக ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் இணைக்கும் தூரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

பண்டிகைக் காலத்தில் திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பேருந்து எப்படிப் புறப்படும் என்பது நீங்கள் அறியாததல்ல. ஆகவே நின்றுகொண்டு போனோம் என்றோ மிகுதிக் காசு வரவில்லை என்றோ முறையிட நான் வரவில்லை. இந்தத் தைப்பொங்கலுக்கு முதல்நாள் என் தாயார் பட்ட பாட்டைச் சொல்லி, ஒரேயொரு கோரிக்கையை முன்வைக்கவே, அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது, நீரிழிவு நோயாளி. சுன்னாகத்தில் இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் இம்முறை பொங்குவதென்று மார்கழியிலேயே பேசி முடிவாகியிருந்தது. அந்தச் சின்னம்மாவின் பேரப்பிள்ளைகளை நான் படங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். தம்பலகாமத்துப் பச்சை அரிசி ஐந்து கிலோவும் ஒரு சட்டித் தயிரும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். விடியற்காலையில் நான் கொடுத்த தேநீரை அம்மா தொடவில்லை. முதல்நாள் இரவே தண்ணீரையும் நிறுத்தியிருந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. இந்தப் பாதையில் போய்வந்த எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள்.

ஹொரவப்பொத்தானையைத் தாண்டிய பிறகு ஒரு தேநீர்க் கடையின் முன் பேருந்து நின்றது. பத்து நிமிடம் என்றார் நடத்துநர். கடைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ஒரேயொரு மலசலகூடம் இருந்தது, அதுவும் பூட்டியிருந்தது. திறப்பு முதலாளியிடம், முதலாளி வீட்டில். ஆண்கள் பற்றைப் பக்கம் போய்வந்தார்கள். அம்மாவும் நானும், கைக்குழந்தையோடு வந்த ஒரு தாயும், இரண்டு மாணவிகளும் அந்தக் கதவின் முன்னால் வரிசையில் நின்றோம். ஹோன் அடித்ததும் நின்ற வரிசை அப்படியே திரும்பி வந்து பேருந்தில் ஏறியது.

வவுனியா வருவதற்குள் அம்மா தயிர்ச்சட்டியை என் மடிக்கு மாற்றிவிட்டு, முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார். அவருடைய சேலை நனைந்திருந்ததை நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார். என் சால்வையை வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டவர் சுன்னாகம் வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தூரப் பேருந்து ஒவ்வொன்றும் வழியில் ஓரிடத்தில், பெண்களுக்கென்று திறந்திருக்கும், தண்ணீர் வரும் மலசலகூடம் உள்ள இடத்தில், இருபது நிமிடம் நிற்க வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

ரயிலில் போகலாமே என்பீர்கள். 1927 முதல் ரயில் வரும் ஊர் எங்களுடையது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் இங்கிருந்து அங்கே போக, கல்ஓயா வழியாக மாகோ வரை தெற்கே இறங்கி, பிறகு வடக்கே ஏற வேண்டும். யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மூடிக்கிடந்த நாட்களில் இதே அம்மா இங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனவர். அப்போது பட்ட அலைச்சலைப் போர்க்காலம் என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டார். 2009இல் பாதை திறந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னர், இதை என்ன பெயர் சொல்லிப் பொறுத்துக்கொள்வது? வீதிக்குக் காபெற் போட்டாயிற்று, பேருந்துக்குள் தொலைக்காட்சி வந்தாயிற்று, கட்டணமும் ஏறியாயிற்று. இவ்வளவையும் யோசித்தவர்களுக்கு, 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையில் பெண்களும் வருகிறார்கள் என்ற நினைவு மட்டும் ஏன் வரவில்லை?

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். சாரதிகளையும் நடத்துநர்களையும் நான் குறைகூறவில்லை. அடுத்த நிலையத்தில் நேரக்காப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதனால்தான் அந்த இருபது நிமிடத்தை அவர்களுடைய நல்ல மனதுக்கு விட்டுவிடாமல், நேர அட்டவணையிலும் வழி அனுமதிப்பத்திர நிபந்தனையிலும் எழுதித் தாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். வரும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பாகவே அதைச் செய்து தாருங்கள்.

சித்திரைக்கும் வரச்சொல்லிச் சின்னம்மா அழைத்திருக்கிறார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

இங்ஙனம்,
திருகோணமலையிலிருந்து ஒரு மகள்