மருந்து உறையில் கடிகார நேரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருந்துக்கடைகளில் மாத்திரையைப் போட்டுத் தரும் சிறு காகித உறையில் காலை, மதியம், இரவு என்ற சொற்களும், உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்ற குறிப்புகளும் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் வேண்டியவற்றின் மேல் பேனாவால் குறியிட்டுத் தருவார். மருத்துவர் சீட்டில் எழுதும் 1-0-1, 1-1-1 என்பதைத்தான் உறை இப்படிச் சொல்கிறது. ஐந்து நாள் காய்ச்சலுக்கு இது போதும். ஆனால், சர்க்கரை நோயினாலோ, அக்கி வந்து ஆறிய பின்னரோ ஏற்படும் நரம்பு வலிக்காக மாதக்கணக்கில் மருந்து உண்பவர்களுக்கு இது போதவில்லை. உறையில் கடிகார நேரமும், ஒரு மாத்திரைக்கும் மற்றொன்றுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் எழுதப்பட வேண்டும் என்பதைச் சேலம் மாவட்ட மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோரின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

நரம்பு வலிக்குப் பரவலாகத் தரப்படும் காபாபென்டின் மருந்தையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் நன்கு இயங்குபவர்களின் உடலில் இம்மருந்தின் அளவு 5 முதல் 7 மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் இதை நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துத் தருகிறார்கள். வலிப்பு நோய்க்கு இதே மருந்தைத் தரும்போது இரு வேளைகளுக்கு நடுவே 12 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று அதன் பயன்பாட்டுக் குறிப்பே கூறுகிறது. எங்கள் அம்மாபேட்டைப் பக்கத்து நெசவு வீடுகளில் காலை உணவு 9 மணிக்கு, மதிய உணவு 1 மணிக்கு, இரவு உணவு 7 மணிக்கு என்று வைத்துக்கொண்டால், உறையில் உள்ளபடி மூன்று வேளையும் உணவுக்குப் பின் தவறாமல் மாத்திரை போடுபவருக்கு, முதல் இடைவெளி 4 மணி நேரமாகவும் கடைசி இடைவெளி 14 மணி நேரமாகவும் அமைந்துவிடுகிறது. நரம்பு வலியோ இரவில்தான் கூடும். விடியற்காலையில் பாதம் தீயாய் எரிய எழுந்து உட்காருபவர், மாத்திரை கேட்கவில்லை என்று முடிவு கட்டி, வேறு மருத்துவரைத் தேடுகிறார் அல்லது தாமாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார். சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்து இது. இத்தனைக்கும் சாதாரண காபாபென்டினை உணவோடும் உண்ணலாம், உணவின்றியும் உண்ணலாம். கடைசி வேளையைப் படுக்கைக்குச் செல்லும் நேரத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாலே பலருக்குப் பிரச்சினை பாதி தீரக்கூடும். உறையில் உணவைத் தவிர வேறு குறிப்பு இல்லாததால் அக்கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை.

இதோடு நெஞ்செரிச்சல் மருந்தும் சேர்ந்துகொள்கிறது. மாத்திரைகள் அதிகமானதால் வயிறு எரிகிறது என்று, அலுமினியமும் மக்னீசியமும் கலந்த சிரப்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, வலி மாத்திரையோடு சேர்த்தே ஒரு மூடி குடித்துவிடும் பழக்கம் நம்மிடையே மிகுதி. இவ்வகைச் சிரப் காபாபென்டின் உடலில் சேர்வதை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்துவிடுகிறது. சிரப் குடித்து 2 மணி நேரம் கழித்தே அம்மாத்திரையை உண்ண வேண்டும். இதைச் சிரப் புட்டியை எடுத்துக் கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சத்து மாத்திரைகள் எப்போது உண்டாலும் கெடுதல் செய்யா என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. தைராய்டு குறைபாடு சரியாகக் கட்டுப்படாவிட்டால் அதுவே கை, கால் மரத்துப்போகக் காரணமாகலாம் என்பதால், நரம்பு வலிக்காரர்களுக்கு தைராய்டு மாத்திரையின் நேரம் இரட்டிப்பு முக்கியம். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்த பின்பே வேறு எதையும் உட்கொள்ள வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. காப்பியும் இம்மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களை வைத்துக்கொண்டு, விடிந்ததும் காப்பியைத் தள்ளி வையுங்கள் என்று சேலத்துக்காரர்களிடம் சொல்வது எளிதன்று என்பதை நானும் அறிவேன். இரும்புச்சத்து மாத்திரைக்கும் காப்பியும் தேநீரும் ஆகா.

இவற்றினும் கவலை தருவது வைட்டமின் மாத்திரைகளின் பெருக்கம். சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் உண்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். அக்குறைபாடும் பாதத்தில் மரமரப்பையும் எரிச்சலையும் தரும் என்பதால், எல்லாவற்றையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடாமல், பி12 அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காக, சர்க்கரை மருத்துவர் எழுதியது ஒன்று, எலும்பு மருத்துவர் எழுதியது ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கியது ஒன்று என்று வெவ்வேறு பெயருள்ள நரம்புச் சத்து மாத்திரைகளை ஒரே நாளில் விழுங்குவது ஆபத்து. அவற்றில் பலவற்றில் பி6 வைட்டமின் இருக்கிறது. அது அளவு மீறி நாள்பட உடலில் சேர்ந்தால் நரம்பையே பாதிக்கும். வலிக்கு உண்ட மாத்திரையே வலிக்குக் காரணமாவதை என்னவென்று சொல்வது? வாரத்துக்கு ஒன்று என்று தரப்படும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை, உறையில் ‘காலை’ என்று மட்டும் குறித்திருப்பதால் நாள்தோறும் உண்டுவிடும் அபாயமும் உண்டு. கிழமையை எழுதினால் இது நேராது.

உறையில் உள்ள காலை, இரவு என்பவை பகலில் வேலை செய்து இரவில் உறங்குபவரை மனத்தில் வைத்து அச்சிட்டவை. விசைத்தறிக் கூடத்தில் இரவு முறை பார்ப்பவருக்கும், உருக்காலையில் முறை மாறி மாறி வேலைக்குச் செல்பவருக்கும் அவை பொருந்தா. நரம்பு வலிக்குத் தரப்படும் காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகிய மூன்றும் மயக்கமும் தூக்கமும் வரவழைக்கக் கூடியவை. இவற்றை உண்டுவிட்டு ஓடும் தறியருகே நிற்பதும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வண்டி ஓட்டிச் செல்வதும் எத்தகைய விளைவைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருத்துவர்கள் 1-0-1 என்று எழுதுவதற்கு முன் வேலை நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும்.

நான் கேட்பது புதிய சலுகை எதுவும் அன்று. 2015ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிமுறைகள், மருந்தாளுநர் நோயாளியிடம் எடுத்துக்கூற வேண்டியவற்றுள், மருந்தும் மருந்தும் அல்லது மருந்தும் உணவும் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பையும், ஒரு வேளை தவறினால் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கின்றன. மாலையில் கூட்டம் நெருக்கும் கடையில் ஒவ்வொருவரிடமும் நின்று பேச இயலாது என்பது உண்மைதான். ஆனால் உறையில் ‘மணி’ என்று ஒரு கட்டமும், ‘எதிலிருந்து எத்தனை மணி நேரம் தள்ளி’ என்று இன்னொரு கட்டமும் அச்சிட அதிகச் செலவாகாது. அரசு மருத்துவமனைகளின் மருந்து வழங்கும் சாளரத்திலேயே இதைத் தொடங்கலாம்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். அவ்வாறு வரும்போது, வீட்டில் உள்ள மற்ற மாத்திரை அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்து, அவற்றின் பெயர்களையும் உண்ணும் நேரங்களையும் ஒரே தாளில் எழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டும் பொறுப்பையும் அவர்களுக்கு அளிக்கலாம். மலைக் கிராமங்களில் இருந்து ஒவ்வொரு மருத்துவரையும் தனித்தனியே பார்க்கக் கீழே இறங்கி வர முடியாத முதியவர்களுக்கு, ஏற்காடு வட்டாரத்திலேயே இதை முதலில் செய்து பார்க்குமாறு மாவட்ட சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.