தேவனாம்பட்டினம் தொலைபேசி லைனைச் சரிசெய்து தரக் கோரி மூன்றாம் முறை மனு

பெறுநர்:
தொலைபேசி உதவிப் பொறியாளர் அவர்கள்,
கடலூர்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இதே குறையை இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இல்லை. சில்வர் பீச் சாலையில் எங்கள் தெருமுனைக் கம்பம் தாங்கள் அறிந்ததுதான்.

1. அந்தக் கம்பத்தில் வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பெட்டிக்குக் கதவு இல்லை. உப்புக்காற்று பட்டுப் பட்டு செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறிக்கிடக்கிறது. ஜாயிண்ட்டில் பாலிதீன் பையைச் சுற்றிச் சணலால் கட்டியிருக்கிறது. மழை வந்தால் போனில் கரகரவென்று இரைச்சல்.

2. லைன்மேன் அண்ணன் வந்து காதில் வைத்துப் பார்த்து, "டயல் டோன் வருது, பேச முடியுது, அப்புறம் என்னம்மா?" என்று சொல்லிப் போய்விட்டார். பேச முடிகிறதுதான் அய்யா. இரைச்சலுக்கு நடுவிலும் நம் காது சொல்லைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை போன் லைன் வழியாக இன்டர்நெட்டில் இணைக்கும் மோடத்தால் முடியாது. இரைச்சல் கூடக்கூட அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இணைப்பையே விட்டுவிடும்.

3. கோளாறு என் கம்ப்யூட்டரில் இல்லை. இதே மோடத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டு லைனில் போட்டேன், நொடிக்கு 44,000 பிட் வேகம் காட்டியது. இங்கே 14,400. ஈரம் ஏறினால் 9,600. வீட்டில் இருந்த இன்னொரு போனையும் கழற்றிப் பார்த்தாயிற்று.

4. நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர் பேசியதைக் கேட்டு டைப் செய்யும் வேலை செய்கிறேன். டாக்டர் பேசிய 2 எம்பி ஆடியோ அக்கா வீட்டில் 7 நிமிடத்துக்குள் இறங்கியது. இங்கே 20 நிமிடம், அதுவும் லைன் அறுபடாமல் இருந்தால். அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மறுபடி டயல் செய்தால் இன்னொரு அழைப்பு போன் மீட்டரில் ஏறும். போன வாரம் ஒரு ராத்திரி 11 தடவை டயல் செய்தேன். மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்க, ஃபைல் இறங்குவதைக் காட்டும் நீலக் கோடு 92 சதவீதம் வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. ஃபைல் முழுதாக இறங்கியபோது விடிகாலை 4 மணி. வேலையை முடித்து அனுப்ப வேண்டிய நேரம் 3 மணி! அன்றைய கூலி போயிற்று. இப்படி எத்தனை ராத்திரி அய்யா? யாரிடம் போய்ச் சொல்வது?

5. கதவு போடுங்கள். ஜாயிண்ட்டை மாற்றுங்கள்.

புது லைன் கேட்கவில்லை. கேபிளில் நல்ல கம்பி ஜோடி காலியாக இருந்தால் அதற்கு மாற்றிக் கொடுத்தாலும் சரி. காதில் வைத்துப் பார்க்காமல் மீட்டர் வைத்து, மழை பெய்யும்போதே சோதிக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே ஆளை அனுப்புங்கள் அய்யா, தயவுசெய்து அனுப்புங்கள். கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினம் சந்தாதாரர்