கறுவா மணக்க ஒரு நத்தார் கேக்

கொழும்பு 13,
டிசம்பர் 9

அன்பின் செல்விக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்கு வளாகத்தில் இடம் கிடைத்ததை வாசித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் முத்தங்கள். உன் முழங்கால் நோவுக்கு இன்னும் எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டிருக்காதே, ஒரு டொக்டரிடம் காட்டு.

இவருக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு நத்தாருக்குக் கேக் அடிப்பதையே விட்டுவிட்டேனா என்று கேட்டிருந்தாய். விடவில்லை. போன வருடம் கடையில் 'சீனி இல்லை' என்று பெரிதாக எழுதியிருந்த கேக் ஒன்றை வாங்கினேன். நம்பி இரண்டு துண்டு சாப்பிட்டார். இரவு விரலில் குத்திச் சீனியைப் பார்த்தால் 260! பெட்டியைத் திருப்பி வாசித்த பிறகுதான் விளங்கியது, உள்ளே கோதுமை மாவும், மால்டிட்டோல் என்ற மாற்று இனிப்பும். சீனி போடாவிட்டால் என்ன, கோதுமை மா உள்ளே போய்ச் சீனியாகத்தானே மாறும்? மால்டிட்டோலும் இரத்தத்தில் சீனியை ஏற்றும். இதைச் சொல்லாமல் விற்கிறார்களே என்று எனக்கு இன்னும் கோபம். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி வீட்டில்தான் என்று.

பக்கத்து வீட்டு மாமி கித்துள் பாணி போடச் சொன்னா. எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த எண்ணம் இருக்கிறது. கித்துளும் பனங்கட்டியும் மணத்தில் ராஜாதான், ஆனால் இரண்டும் சீனியேதான். நத்தார் கேக்கின் உயிரான கஜுவையும் விட்டுவிட்டேன். 100 கிராம் கஜுவில் 30 கிராம் மாச்சத்து இருக்கிறது. பாதாமில் அது 20 அளவில், அதிலும் பாதி நார். கோதுமை மாவிலோ 75! பாதாம் விலையை மட்டும் கேட்காதே. அதனால் கொஞ்சம் தேங்காய் மாவும் கலக்கிறேன். பால் பிழிந்த சக்கையைத் தட்டில் பரப்பி, ஓவனில் மெல்லிய சூட்டில் காயவைத்து அரைத்தால் அதுதான் தேங்காய் மா. கடையில் வாங்கத் தேவையில்லை. ஆனால் அது ஈரத்தைக் குடிக்கும், பார்த்துப் போடு.

இனி கறுவா. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்கு நானே போய், தூளாக வாங்காமல் குச்சியாக வாங்கி வந்தேன். எங்கள் கறுவாக் குச்சியைக் குறுக்கே பார்த்தால் கடதாசி போல மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக இருந்தால் அது கசியா என்ற வேறு இனக் கறுவா. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நிறையச் சேர்ந்தால் ஈரலுக்குக் கூடாது. குச்சியை உடைத்து அரைக்கும்போது எழும்புகிற அந்த வாசனை, செல்வி, நாக்கில் எதுவும் படாமலே இனிக்கிறது! சீனி குறைந்த கேக்கைத் தூக்கிவிடுவது அதுதான். இதை வைத்துக் கறுவா சீனி வருத்தத்துக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதே. இவரின் மாத்திரை அப்படியே தொடர்கிறது.

அளவைக் குறித்துக்கொள். பாதாம் மா 200 கிராம், தேங்காய் மா 40, பட்டர் 120, முட்டை ஐந்து, தடித்த தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கறுவாத் தூள் இரண்டு தேக்கரண்டி, வேர்க்கொம்புத் தூள் ஒன்று, ஏலக்காய் அரை, சாதிக்காயும் கராம்பும் கால் கால். கராம்பு கூடினால் நாக்கு மரத்துவிடும். இனிப்புக்கு எரித்ரிட்டோல் என்ற மாற்று இனிப்பு. சீனியின் இனிப்பில் ஏறக்குறைய 70 வீதம்தான் அதற்கு, வாயில் ஒரு குளிர்ச்சியும் விடும். குருணையாகப் போட்டால் கேக் ஆறியதும் பல்லில் மணல்போலக் கடிபடும், தூளாக்கிப் போடு. 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இரத்தத்தில் இது கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாகச் சொன்னது. இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. என்றாலும் இவரின் குடும்பத்தில் நெஞ்சு வருத்தம் இருக்கிறதே, அதனால் 120 கிராமை 90 ஆக்கினேன். நாளாந்தம் வேண்டாம், பெருநாளுக்கு மட்டும்.

பட்டரையும் இனிப்பையும் அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பால் ஊற்றி, மாவையும் வாசனைத் தூள்களையும் கலந்து பத்து நிமிடம் விடு. தேங்காய் மா ஊறிக் கலவை இறுகும். 160 பாகையில் முக்கால் மணித்தியாலம். பாதாம் சீக்கிரம் கருகும், அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மேலே அலுமினியத் தாள் மூடு. அப்புறம் நீ பொறுமையாக இருக்க வேண்டும். கோதுமையில் இருக்கிற பசைத்தன்மை இதில் இல்லை, முட்டைதான் பிடித்து வைத்திருக்கிறது. நான் முதல் தடவை சூட்டோடு வெட்டினேன், முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அன்றைக்கு அழுகையே வந்தது. இரண்டாவதை இரவு முழுக்க ஆறவிட்டேன். காலையில் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெட்டின இடம் கடும் மண்ணிறம், உள்ளே ஈரம், ஓரத்தில் பட்டர் மினுமினுப்பு.

பன்னிரண்டு துண்டு வரும். நாரையும் எரித்ரிட்டோலையும் கழித்தால் ஒரு துண்டில் மூன்று கிராம் அளவில்தான் மாச்சத்து. இவர் ஒரு துண்டை பிளேன்டீயோடு சாப்பிட்டார். முன்பு 118, இரண்டு மணித்தியாலம் கழித்து 131. மீற்றரை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். நத்தாருக்கு என்று சொல்லி மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வவுனியாவுக்கு வருகிறான். ஒரு கட்டு கறுவாவும் நாலு சாதிக்காயும் கொடுத்துவிடுகிறேன். பாதாமை ஊறவைத்துத் தோலுரித்தால் நன்றாகக் காயவிட்ட பிறகே அரை, ஈரம் இருந்தால் களியாகிவிடும். செய்து பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று எழுது.

அன்புடன்,
றீற்றா