அரிவாள் செல் வலிக்கு டென்ஸ் கருவி

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிவாள் செல் நோயில் விறைத்து வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைப்பதால்தான் வலி வருகிறது. தோலில் பேடு ஒட்டி மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ் (TENS) கருவி அந்த அடைப்பை ஒன்றும் செய்யாது. தோல்வழி நரம்பைத் தூண்டி, வலிச் செய்தி தண்டுவடத்தைத் தாண்டி மேலேறுவதை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். ஆதாரமும் மெலிதானது: மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வில் தேறியது 22 பேர் பங்கேற்ற ஒரே ஒரு சோதனை. எனவே மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மாட்டிக்கொள்வது தவறு. மாத்திரையோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.

பலன் கிடைக்காமல் போவது பல நேரம் கருவியைச் சரியாக அமைக்காததால்தான். அதிர்வெண் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். மார்ஃபின் வகை மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு 2 – 4 ஹெர்ட்ஸ் அவ்வளவாக எடுபடாது. அந்த அதிர்வெண் வேலை செய்வதும் மார்ஃபின் பற்றும் அதே ஏற்பிகள் (நரம்புச் செல்களில் மருந்து ஒட்டும் இடங்கள்) வழியாகத்தான், அவை மருந்துக்கு ஏற்கெனவே பழகிப்போயிருக்கும். தோலை எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைத்து, கருவி அணைந்திருக்கும்போதே வலியுள்ள இடத்தின் இரு பக்கமும் பேடுகளை ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு பேடின் அகலமாவது இருக்க வேண்டும். விறுவிறுப்பு பலமாகத் தெரியும்வரை மின்னோட்டத்தைக் கூட்டலாம். வலித்தாலோ தசை துடித்தாலோ குறைத்துவிடுங்கள். சில நிமிடங்களில் உணர்வு மங்கும், அப்போது மீண்டும் சற்றுக் கூட்ட வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை, பிறகு கருவியைக் குறை சொல்கிறார்கள். 30 முதல் 60 நிமிடம் வைத்தபின் கழற்றித் தோலைப் பாருங்கள். ஜெல் காய்ந்த பேடு ஓரிரு புள்ளிகளில் மட்டும் ஒட்டும். மின்சாரம் அங்கே குவிந்து சுருக்கென்று குத்தும், சுட்டுப் புண்ணாக்கவும் கூடும்.

கணுக்கால் புண், மரத்துப்போன தோல், கழுத்தின் முன்புறம் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்னொன்று, சுளுக்குக்கு வைப்பதுபோல ஐஸ் பையையும் சேர்த்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அரிவாள் செல் நோயாளிக்குக் குளிர்ச்சியே வலியைக் கிளப்பிவிடும்.

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒருபக்கக் கை கால் பலவீனம், மணிக்கணக்கில் தணியாத ஆணுறுப்பு விறைப்பு, திடீரென வயிற்றின் இடப்பக்கம் வீங்குதல் – இவற்றில் எது வந்தாலும் வலி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கருவியைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வலி சிகிச்சைத் துறை இயன்முறை மருத்துவர்கள் சிலர்