அவித்த மல்லாட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சிறுவயதில் வறுத்த கடலை விற்றார் என்று சொன்ன உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். சிறுவயதில் அவர் தெருவில் விற்றது வறுத்த கடலை அல்ல, அவித்த கடலை. செடியோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, காயை ஆய்ந்து உப்புநீரில் ஊறப்போட்டு, விடியலில் வேகவைத்துப் பொட்டலம் 5 சென்டுக்கு விற்றார். நான் செஞ்சிப் பக்கத்துக்காரி; நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மல்லாட்டை விஷயத்தில் அவித்ததையும் வறுத்ததையும் ஒன்றாக்கினால் எங்களுக்குப் பொறுக்காது.

அடுத்தது கொஞ்சம் பெரிய குறை. 'கடலை விவசாயி' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டது கட்டுரை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள, அவர் வளர்ந்த ஆர்ச்சரியில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தில் ப்ளெயின்ஸ் ஊரிலிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளி இருக்கிறது ஆர்ச்சரி. 1928-ல், கார்ட்டருக்கு நாலு வயதாக இருக்கும்போது குடும்பம் அங்கே குடிபோனது. வீட்டுக்கு மின்சாரம் வர 1938 ஆயிற்று. ஆனாலும் அது ஏழை வீடு அல்ல, நிலமுள்ள வீடு. நிஜமான கஷ்டம், சுற்றிலும் கூலிக்கும், விளைச்சலில் பங்குக்கும் உழைத்த கறுப்பினக் குடும்பங்களுக்குத்தான். அந்தப் பிள்ளைகள்தான் சிறுவனின் கூட்டாளிகள். பருத்திக்குக் காய்வண்டு வந்தால் ஆர்செனிக்கையும் கரும்புப் பாகையும் தண்ணீரில் கலந்து, குச்சியில் கட்டிய துணியால் செடி செடியாகத் தடவ வேண்டும். பாகு காய்ந்து, இரவில் கழற்றிய கால்சட்டை மடங்காமல் மூலையில் தானே நிற்குமாம்!

அப்பா ஏர்ல், கிறிஸ்தவ சபையில் ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வேதபாட வகுப்பு) ஆசிரியர். காணிக்கைத் தட்டிலிருந்து ஒரு பென்னியைத் திருடியதற்காக மகனை அடித்தவர். அந்தக் கண்டிப்பான, நியாயமான அப்பாவின் வீட்டில்தான் இதுவும் நடந்தது.

1938 ஜூன் 22 இரவு. கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் வெள்ளையர் மாக்ஸ் ஷ்மெலிங்கோடு மோதுகிறார். கார்ட்டர் வீட்டில் பேட்டரி ரேடியோ இருந்தது. கேட்கலாமா என்று அக்கம்பக்கத்துக் கறுப்பினத்தவர்கள் வந்தார்கள். ஏர்ல் ரேடியோவை ஜன்னலில் வைத்தார், அவர்கள் வெளியே நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே ஷ்மெலிங் கதை முடிந்தது. ஏர்லுக்கு முகமே செத்துவிட்டது. வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு, ஒரு சத்தம் இல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அப்புறம்தான் கிளம்பியது ஆரவாரம். பதிமூன்று வயதுப் பையன் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குச் சற்றுப் பிந்திய இன்னொரு நாளையும் கார்ட்டர் எழுதியிருக்கிறார். மேய்ச்சல் நிலத்துக் கதவருகே, கூட வந்த இரண்டு கறுப்பினத் தோழர்கள் கதவைத் திறந்து, அவர் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். தடுக்கி விழக் கீழே கம்பி கட்டியிருக்கிறார்களோ என்றுதான் அவர் சந்தேகப்பட்டாராம். கம்பி ஏதும் இல்லை. வெள்ளைப் பையனுக்கு வழிவிட வேண்டும் என்று அவர்களுக்கு வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் வாரம் முழுக்க என்னோடு மல்லாட்டை ஆய்ந்த பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிறிஸ்தவக் கோயிலில் கடைசியில் பாயில் உட்காருவார்கள். ஏன் என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். தினமும் விடியற்காலையில் எங்களை எழுப்பிக் குடும்ப ஜெபம் நடத்தியவர், பஞ்ச காலத்திலும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறாதவர். "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்புறம் நான் கேட்கவில்லை.

கார்ட்டரும் வெகுகாலம் கேட்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். 1965-ல் ப்ளெயின்ஸ் பாப்டிஸ்ட் சபையில், கறுப்பினத்தவரை ஆராதனைக்கு அனுமதிப்பதா என்று ஓட்டு வந்தது. அனுமதிக்கலாம் என்றவர்கள் கார்ட்டர் குடும்பத்தாரும் இன்னும் ஒரே ஒருவரும்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது.

அம்மா லில்லியன் மட்டும் ஆரம்பம் முதலே வேறு ரகம். நர்ஸான அவர், கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்த்தவர். 68 வயதில் 'பீஸ் கார்ப்ஸ்' என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பில் சேர்ந்து கிளம்பி, பம்பாய் விக்ரோலியில் ஏறக்குறைய இரண்டு வருடம் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். அதிலும் மகன் விற்ற கடலையை வறுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
செஞ்சி வட்டம்.